மலை ரோட்டுல பத்து முட்டை

24-1-1988
ஞாயிற்றுக்கிழமை

பிரியமுள்ள மகள் மணிமொழிக்கு உன் அப்பா வீரமுத்து எழுதறது. இங்க நானும் உங்கம்மாவும் மாடு கன்னும் சவுக்கியம், பம்பாயில நீயும் உன் மாமன் வூட்டு சனங்களும் அதே மாதிரி நல்லா இருக்கணும்னு நம்ம அய்யனாரைக் கேட்டுக்கறேன். உங்கம்மாவுக்கு முட்டிவலி கம்மி, வாய் மட்டும் ஜாஸ்தி ஆயிருக்குது.

உன் லெட்டர் பொங்கலுக்கு மறுநாள் வந்துச்சு. மலைமேல நர்ஸ் வேலைக்கு வந்த கவர்மெண்டு ஆர்டரை உனக்கு அனுப்பி வெச்சமே, அதுக்கு நீ எழுதின பதிலை ரெண்டு தரம் படிச்சேன். வூட்ல நிக்கிற என் டிவிஎஸ் அந்த மண் ரோட்டுல போவுமான்னு நீங்களே போய் பாத்து எழுதுங்க, போவும்னா பிப்ரவரி பத்தாந்தேதி வந்து சேர்ந்துடறேன், போவாதுன்னா இந்த ஆஸ்பத்திரியிலியே இருந்துக்கறேன், உங்க பேச்சுதான் கடைசி பேச்சுன்னு எழுதியிருந்த. அதைக் கேட்டதும் உங்கம்மா இன்னா சொன்னா தெரியுமா, பாக்கறதுக்கு இன்னா இருக்குது, போவாதுன்னு எழுதிப் போடு, வயசுப்பொண்ணு தனியா காட்டுல வண்டி ஓட்டிக்கினு போவாளா, பம்பாயின்னா என் தம்பி கூட இருக்கறான்னு சொன்னா. ஒளிச்சிப் பேசறதுக்கு இன்னா இருக்குது, என் மனசுலயும் அதேதான் இருந்துச்சு. ஆனா கண்ணு, இருவது வருசம் கரும்பு வண்டி ஓட்டினவன் நான். ரோட்டைப் பாக்காம ரோட்டைப் பத்தி எழுத கை வரல. போயிட்டு வந்து போவாதுன்னு எழுதறேண்டி, போவாம எழுதினா பொய்யி, போயிட்டு எழுதினா பாதி பொய்யின்னு உங்கம்மா கிட்ட சொல்லிட்டு வியாழக்கிழமை காலையில கெளம்பினேன்.

புதுத் தடத்துல பாரம் ஏத்திப் போறதுக்கு முன்னாடி நான் இன்னா செய்வேன்னு உனக்குத் தெரியும். வண்டி அச்சு இருசு உசரத்துக்கு ஒரு குச்சி வெட்டிக்கினு தடத்தை நடந்து பாப்பேன், குச்சி எந்தக் கல்லுல இடிக்குதோ அங்க வண்டியும் இடிக்கும். அதே மாதிரி உன் வண்டிக்கும் தரையிலேர்ந்து இஞ்சின் அடி வரைக்கும் அளந்து ஒரு குச்சி வெட்டினேன். அடேங்கப்பா, ஒரு சாண் கூட இல்ல, இது வண்டியா ஆமையான்னு இருந்துச்சு. அப்பறம் யோசிச்சேன், நீ பின்னாடி தடுப்பூசி பொட்டி கட்டிக்கினு போவியே, உள்ள கண்ணாடி பாட்டிலு இருக்குமே, அது தாங்குமான்னு எப்படி பாக்கறது. உங்கம்மாவோட பத்து நாட்டுக்கோழி முட்டையை எடுத்து தவிட்டுல வெச்சி ஒரு தகரப்பொட்டியில போட்டு பின்னாடி கட்டிட்டேன். அத்தினியும் ஒடைஞ்சா நல்லது, எழுதறதுக்கு தோதா இருக்கும்னு உங்கம்மா வாசல்ல நின்னு சொன்னா பாரு, முட்டை மேல உசுரா இருக்கறவ.

கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலை வரைக்கும் பஸ்சு போற ரோடு, அதுல பேச்சே இல்ல. உன் ஆர்டர்ல போட்டிருக்கிற ஊருக்கு அங்கேர்ந்து ஒம்போது கிலோமீட்டரு மண் ரோடு. வண்டியை ஒரு டீக்கடையில விட்டுட்டு மொதல்ல பாதி தூரம் நடந்தே பாத்தேன், செருப்பைக் கழட்டிட்டேன், காலுக்குத் தெரியறது கண்ணுக்குத் தெரியாது. ஜீப்பு போயி போயி ரெண்டு பக்கமும் பள்ளம், நடுவுல மேடு. நாலு சக்கர வண்டின்னா அந்த மேடு அடியில தட்டும், உனக்கு இருக்கறது ஒரே தடம், ஒரு பள்ளத்தைப் புடிச்சிக்கினு போயிடலாம். குச்சி ரெண்டு எடத்துலதான் தட்டுச்சு, ஒரு எடத்துல கல்லை நானே பொரட்டிப் போட்டுட்டேன். அப்பறம் திரும்பிப் போயி வண்டியை எடுத்துக்கினு வந்தேன். மூணு மேட்டுல வண்டி மூச்சு முட்டுது, எறங்கித் தள்ளினேன், ஆனா நான் அறுவது கிலோ, நீ நாப்பத்தஞ்சு கூட இருக்க மாட்ட. நடுவுல ஒரு பர்லாங்கு களிமண்ணு, மொத நாளு போட்ட தூறலுக்கே சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவுல அப்பிக்கிச்சு, சக்கரம் சுத்தவே இல்ல, குச்சியால நோண்டி நோண்டி எடுத்தேன். சரி, எழுதறதுக்கு இது போதும்னு எனக்கு ஒரு சந்தோசம்.

களிமண்ணு தாண்டினா ஓடை. தண்ணி கணுக்கால்தான். மழையில எவ்வளோ வரும்னு தெரியாம முழிச்சிக்கினு இருந்தப்ப மாயவன்னு ஒருத்தரு தேன் எடுத்துக்கினு வந்தாரு. நான் அவரை விடல, கேள்வி மேல கேள்வி கேட்டேன். ஓடை நடுவுல ஒரு வெள்ளைக்கல்லு இருக்குது, அது தலை தெரிஞ்சா போவலாம், முழுவிட்டா குந்திக்கினு இருக்கணும், மழை விட்டா ரெண்டு மணி நேரத்துல தலை காட்டிடும்னாரு. குச்சியை கல்லோட வெச்சிப் பாத்தேன், கல்லு தெரியற வரைக்கும் உன் இஞ்சினுக்கு தண்ணி வராது. எவ்வளோ கரெக்டா வெச்சிருக்கறாங்க பாரு, எனக்கு ஆச்சரியம் தாங்கல. அவரு சிரிச்சிக்கினே வூட்டுக்கு வாங்க கூழு குடிக்கலாம்னு கூப்புட்டாரு.

அவரு சம்சாரம் பேரு சாலம்மாள், உன் வயசுதான் இருக்கும். பொட்டியைத் தொறந்தா பத்துல ரெண்டு முட்டைதான் ஒடைஞ்சிருந்தது. மீதி எட்டையும் அந்தப் பொண்ணு கையில குடுத்தேன். முட்டைக்கு வண்டி வெச்சிக்கினு வந்த ஆளை இப்பதான் பாக்கறேன்னு சொல்லி சிரிச்சா. நர்ஸ் வேலைக்கு எம்பொண்ணைக் கூப்புட்டிருக்கறாங்க, ரோடு எப்படின்னு பாக்க வந்தேன்னு சொன்னேன். அதுக்கு அவ சொன்னதை அப்படியே எழுதறேன். எங்க ரோட்டுக்கு இன்னா கொறைச்சல், போன பொரட்டாசியில எனக்கு இடுப்பு வலி வந்தப்ப இங்க நர்ஸ் இல்ல, தூளி கட்டி இதே ரோட்டுல ரெண்டு மணி நேரத்துல வெள்ளிமலைக்கு தூக்கிப் போயிட்டாங்க, அங்க ஜீப்பும் கெடைச்சிடுச்சு, கீழ தார் ரோட்டுலதான் நின்னு போச்சுன்னா. ஒரு பெரிய புளியமரம் ரோட்டுக்கு குறுக்கால கெடந்துச்சாம். மரத்தாண்ட மறிச்சிக்கினு நின்ன ஆளுங்க நல்லவங்கதானாம், வையல, அவங்களே தூளியைத் தூக்கி மரத்துக்கு அந்தாண்ட எறக்கி வுட்டாங்களாம். ஆனா ஜீப்பு எப்படி தாண்டும். கள்ளக்குறிச்சி வரைக்கும் நடந்துதான் தூக்கிப் போனாங்களாம். அவ பொழைச்சிக்கினா, புள்ள பொறக்கும்போதே உசுரு இல்ல. ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தா புள்ளையைக் காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டரு சொன்னாராம்.

எந்த எடம், என்னிக்குன்னு கேட்டேன். ஒரு மதகு இருந்துச்சு, பக்கத்துல அய்யனார் கோயில் குதிரை ரெண்டு நின்னுச்சுன்னா.

மணி, அது நம்ம ஊரு மதகு. அந்த மரத்துக்கு ரம்பத்தோட ஒரு பக்கம் புடிச்சது உங்கப்பன். எடஒதுக்கீடு கேட்டு ரோடு மறியல் பண்ணோமே, அந்த வாரம் மொத நாளு சாச்சோம். அவளைத் தூக்கிக்கினு வந்த அன்னிக்கு மத்தியானம் நான் தோள்வலின்னு வூட்டுல படுத்துக் கெடந்தேன், உங்கம்மா எண்ணெய் தேச்சி வுட்டுக்கினு இருந்தா. எடஒதுக்கீடு கேட்டது தப்புன்னு இன்னிக்கும் சொல்ல மாட்டேன், நீ நல்ல மார்க்கு வாங்கிட்டு ரெண்டு வருசம் ட்ரெயினிங் சீட்டு இல்லாம வூட்டுல குந்திக்கினு அழுதது எனக்கு மறக்குமா, அந்த ரம்பத்தைப் புடிச்சப்ப உன் மூஞ்சிதான் கண்ணுல நின்னுச்சு. ஆனா மேலேர்ந்து ஒருத்தி அந்த ரோட்டை நம்பி வருவான்னு அன்னிக்கு நெனைக்கல கண்ணு. நெனைச்சே பாக்கல. கூழை பாதியிலியே கீழ வெச்சிட்டேன். அந்தப் பொண்ணுக்கு கோவம் கூட இல்ல, தெரிஞ்சிக்கணும்னு கேக்கற மாதிரி, அந்த மரத்தை எதுக்கு வெட்டினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமான்னு என்னைக் கேட்டா. தெரியாதும்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அதனால உனக்கு எழுத வெச்சிருந்த பொய்யை எழுத முடியல. மேல போயி ஒரு பொய் சொன்னதே எனக்கு போதும். வண்டி போவும். மூணு மேட்டுல எறங்கித் தள்ளணும், வெள்ளைக்கல்லு தெரியலன்னா அவசரப்படாம குந்திக்கணும், பாட்டிலுக்கு தவிடு பத்தாது பஞ்சு வெய்யி. களிமண்ணுக்கு மட்கார்டை ரெண்டு விரக்கடை ஏத்திக் கட்டச் சொல்லி நேத்தே கள்ளக்குறிச்சியில மெக்கானிக் கண்ணாயிரத்து கிட்ட வண்டியை விட்டுட்டேன். உங்கம்மா ரெண்டு நாளா என் கூட பேசல, இன்னிக்கு காலையில மட்டும் அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கறாளாம்னு கேட்டா.

நீயும் உன் கைபட்ட புள்ளைங்களும் நூறு வருசம் நல்லா இருக்கணும். வரும்போது சர்டிபிகேட்டெல்லாம் மறக்காம எடுத்துக்கினு வா, ஒம்போதாந்தேதியே வந்துடு. நீ வேலையில சேர்ற அன்னிக்கு நீ வண்டியில போ, நான் பின்னாடியே நடந்து வர்றேன். சாலம்மாளுக்கு பதில் சொல்லணும்.

இப்படிக்கு
உன் அப்பா
சு. வீரமுத்து