நெற்றியில் அரை மில்லிமீட்டர்

பெஹாலா,
செவ்வாய்க்கிழமை காலை

அன்புள்ள விஜிக்கு,

நான் சௌக்கியம். முகம் மட்டும் சற்றுச் சிவந்திருக்கிறது. காரணத்தை முறையாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஐந்து நாட்களாக வீடியோவில் நான் தெரியாததற்குக் கேமரா பழுது என்று சொன்னேன் அல்லவா? அது பொய். போனில் உண்மையைச் சொல்லலாமென்றால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். ஜெய்ராமும் மாதவியும் கேட்பார்கள். பேத்தி குறுக்கே பாட்டுப் பாடுவாள். பிள்ளை, மாட்டுப்பெண் காதுபட இதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. நீ எதிரில் உட்கார்ந்திருந்தாலும் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

போன விஜயதசமியன்று நம் தெருப் பெண்களோடு முகத்துக்கு முகம் சிந்தூர்க் குங்குமம் பூசி விளையாடினாயே, அந்தப் போட்டோவை மார்ச்சில் ஒருநாள் எடுத்துப் பார்த்தாய். கன்னத்துச் சுருக்கத்திலெல்லாம் சிவப்பு கோடுகோடாக இறங்கியிருக்கிறது, இதற்கு ஏதோ நுண்ணூசி வைத்தியம் இருக்கிறதாமே, செய்துகொள்ளட்டுமா என்று கேட்டாய். நானோ முப்பத்தாறு வருஷம் துறைமுகத்தில் ஹூக்ளியின் ஆழத்தை அளந்தவன். எவ்வளவு தூர்வாரினாலும் வண்டல் மறுபடி சேரத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டேன். “உங்களுக்கு என் மூஞ்சியும் ஆத்து மணலும் ஒண்ணுதானா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாய். ஏப்ரலில் இரண்டு மாதத்துக்கென்று புனே போனவள், டிக்கெட்டை இரண்டு தடவை தள்ளிப்போட்டுவிட்டாய். போன வாரம் கேட்டபோது, “அங்க வந்து எனக்கு என்ன ஆகணும்?” என்றாய். வாயால் கெடுத்ததைக் காலாலாவது சரிசெய்யலாம் என்று வியாழக்கிழமை கிளம்பினேன்.

டயமண்ட் ஹார்பர் ரோட்டில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் தோல் கிளினிக் ஒன்று இருக்கிறது. உனக்காக விசாரித்துவிட்டு வருவது மட்டுமே என் திட்டம். வரவேற்பில் ஸ்னேகா என்ற பெண் ஒரு படிவம் கொடுத்தாள். விசாரிக்க வந்தவரின் விவரம் கேட்கிறார்கள் என்று நினைத்து, என் பெயர், வயது, ரத்த அழுத்த மாத்திரை, கண்புரை ஆபரேஷன் தேதி வரை ஒன்று விடாமல் எழுதினேன். “மேஷோமொஷாய், இவ்ளோ சுத்தமா இந்த ஃபாரத்தை யாரும் நிரப்பினதே இல்ல!” என்று அவள் வங்காளியில் மாமா முறை சொல்லிப் பாராட்டினாள். அந்தச் சந்தோஷத்தில் நான் எதையும் கவனிக்கவில்லை.

டாக்டரம்மா என் நெற்றியை இழுத்துப் பார்த்தார். ஊசி எத்தனை ஆழம் இறங்கும் என்று கேட்டேன். நெற்றியில் அரை மில்லிமீட்டர், கன்னத்தில் ஒன்றரை என்றார். அந்த நுண்ணிய துளைகளை ஆற்றும்போது தோல் தானே புதுச் சதைநார் வளர்த்துக்கொள்கிறதாம். சுருக்கம் மறையாது, மென்மையாகும். பலன் தெரியச் சில மாதம் பிடிக்கும் என்று ஒளிக்காமல் சொன்னார். நான் குறிப்பெடுத்துக்கொண்டே போனேன். அதை என் ஆர்வமென்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. ஸ்னேகா என்னை நாற்காலியில் சாய்த்து முகமெங்கும் மரத்துப்போகும் களிம்பைப் பூசினாள். எனக்கில்லையம்மா, என் மனைவிக்கு என்று சொல்ல வாயெடுப்பதற்குள் உதடு மரத்துவிட்டது. ஏதோ குழறினேன். “பயப்படாதீங்கோ, வலிக்காது” என்று கையைத் தட்டிக்கொடுத்தாள்.

முக்கால் மணி நேரம் அப்படியே இருக்க வேண்டுமாம். பேச முடியாததால் நிலைமையை விளக்கப் படம் போடலாமென்று நினைத்தேன். படிவத்தின் பின்பக்கத்தில் உன் முகத்தை வரைந்தேன். முதலில் வெளிக்கோடு. பிறகு நெற்றியின் மூன்று ரேகைகள். நடுவிலிருப்பது வலது பக்கம் கொஞ்சம் மேலேறும். வாயோரத்து இரண்டு மடிப்புகளில் இடதுதான் ஆழம், நீ அந்தப் பக்கமாகவே சிரிப்பதால். கண்ணோரத்தில் இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் மூன்று. போட்டோ எதையும் பார்க்கவில்லை, விஜி. கை நிற்காமல் போயிற்று. உன் முகம் என்னிடம் இத்தனை நுணுக்கமாக இருக்கிறது என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை என்பதும்தான்.

படத்தைப் பார்த்ததும் ஸ்னேகாவுக்கு விஷயம் புரிந்து, தலையில் கை வைத்துக்கொண்டாள். களிம்பைத் துடைத்துவிடட்டுமா என்று டாக்டரம்மா கேட்டார். நான் கொஞ்சம் யோசித்தேன். வலிக்குமா என்று நீ என்னைக் கேட்டால் என்ன சொல்வேன்? வேண்டாம், நடக்கட்டும் என்று கையால் காட்டினேன். இந்த வயதில் இப்படியொரு துணிச்சல் எங்கிருந்து வந்ததென்று இன்னும் விளங்கவில்லை.

இனி, வலி. கன்னத்தில், வெற்றுடம்பில் முரட்டுக் கம்பளியை இழுத்துப் போர்த்தியது போல. நெற்றி எலும்பின் மேல் அதிர்ந்தது. அங்கே மட்டும் பெருமாளைக் கூப்பிட்டேன். மேலுதட்டில் தும்மல் வந்தது. இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. உன் சர்க்கரை ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தால், அதைப் பார்த்துவிட்டுத்தான் உனக்குச் செய்யலாமா என்று டாக்டரம்மா சொல்வாராம்.

அதன் பிறகு நடந்தவைதான் வேடிக்கை. என் சிவந்த முகத்தைப் பார்த்த எதிர்வீட்டு ரஞ்சன் பாபு, “தாதா, இது டெங்குவேதான்!” என்று அலறி, பப்பாளி இலையை அரைத்துப் பிழிந்து கொண்டுவந்துவிட்டார். உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு இரண்டு வேளை குடித்தேன். அந்தக் கசப்புக்கு ஊசியே தேவலை. மூன்றாவது வேளைக்கு அவர் தம்ளரோடு வந்தபோது ஒப்புக்கொண்டுவிட்டேன். சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தார். அரைமணியில் அவர் மனைவி வந்து கிளினிக்கின் நம்பரை வாங்கிக்கொண்டு போனாள்.

நாலு நாள் முகத்தில் எதுவும் இடக்கூடாதென்று சொல்லியிருந்ததால் திருமண் இல்லாமலே இருந்தேன். சனிக்கிழமை காப்பிப்பொடிக்காக லேக் மார்க்கெட் போனால், கடைக்காரர் என் வெறும் நெற்றியைப் பார்த்து, சாவுத் தீட்டோ என்று பதறித் தராசை அப்படியே விட்டுவிட்டார். “மாமா, புனேல மாமிக்கு ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டார். மாமி பிரமாதமாக இருக்கிறாள், எனக்குத்தான் புத்தி கொஞ்சம் பிசகிவிட்டது என்றேன். கடையிலிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தால் கன்னம் விண்ணென்று இழுத்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

நேற்று லென்ஸ் வைத்துக் கண்ணாடியில் பார்த்தேன். என் கோடுகளெல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. தசமிக்கு இன்னும் பதினோரு வாரம் இருக்கிறது. பத்து நாளில் நீ வந்தால், நாலு வார இடைவெளியில் மூன்று தடவை செய்துகொண்டு, சிந்தூர் பூசுவதற்கு முன் ஒரு வாரத்துக்கு மேல் முகத்துக்கு ஓய்வும் கொடுக்கலாம். கணக்கு இப்படி இருந்தாலும் நீ செய்துகொள்ளத்தான் வேண்டுமென்பதில்லை. செய்துகொண்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வேண்டாமென்றாலும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

நான் வரைந்த படத்தை ஸ்னேகா திருப்பித் தரவில்லை. அன்று நான் கிளம்பும்போது படத்தைக் காட்டி, இவர்களை எப்போது கூட்டி வருவீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். அப்போது உதட்டுக்கு உணர்ச்சி இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. இருந்தாலும், இந்த மாதமே வந்துவிடுவாள் என்று தெளிவாகச் சொல்லிவிட்டேன். நாற்பத்து நான்கு வருஷத்தில் உன்னைக் கேட்காமல் உன் சார்பில் நான் கொடுத்த முதல் வாக்கு இது. தவறென்று பட்டால் கோபித்துக்கொள். அந்தக் கோபத்தைப் போனில் மட்டும் வேண்டாம், நேரில் வந்து காட்டு. ஹௌரா ஸ்டேஷனுக்கு ஒருமணி நேரம் முன்னதாகவே வந்து நிற்பேன்.

குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். உனக்கு என்ன எழுதுவதென்று யோசித்து யோசித்துக் காகிதத்தின் இந்தக் கடைசி வரியும் நிறைந்துவிட்டது.

உன்,
ஸ்ரீனிவாசராகவன்