சம்பந்தி மேல் பட்ட கால்

ஞாயிறு இரவு, டயகம.

ஐம்பத்தாறு வயதில் எனக்குக் கபடி. ஒரு வருஷம் முழங்காலுக்குப் பயிற்சி கொடுத்த பிறகுதான் டாக்டர் சம்மதித்தார். "ஆடுங்க, வலிச்சா உடனே நிப்பாட்டிடுங்க" என்றார். பயம் மட்டும் போகவில்லை.

இன்று தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் ஆட்டத்தில் கபடி பாடிக்கொண்டே போனேன். எதிரணியில் மகளின் மாமியார். என் கால் அவர் மேல் பட்டது. புள்ளி கிடைத்ததென்று திரும்பி ஓடியிருக்க வேண்டும். நானோ பழக்கதோஷத்தில் பாட்டை விட்டு, சட்டென்று குந்தி, அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்! நாலு பேர் சுற்றிப் பிடித்துவிட்டார்கள்.

"கோட்டுக்கு அந்தப் பக்கம் போயி கும்பிட்டிருக்கலாமே, சம்பந்தி!" அவரும் என் இடுப்பை விடாமலே சிரித்தார்.

என்னால்தான் தோற்றோம். வெட்கமாக இருக்கிறது. ஆனால் போன வருஷம் குந்தவே விடாத முழங்கால், இன்று குந்தியதையும் எழுந்ததையும் எனக்குச் சொல்லவேயில்லை.