லண்டனில் பிடித்த வரி

12 பிப்ரவரி 1958
வருமான வரி ஆபீஸ் கடிதம் வந்தது. அவர் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வழக்கமானதுதான்" என்று மடித்து வைத்துவிட்டார்.
வழக்கமானதா? பிறகு ஏன் முகம் அப்படி வாடியது?

13 பிப்ரவரி
அவர் குளிக்கப் போனபோது எடுத்துப் படித்தேன். தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணத்தை லண்டன் ரப்பர் கம்பெனிப் பங்குகளில் போட்டிருக்கிறார். அங்கே வரி பிடித்துக்கொண்டுதான் லாபத்தை அனுப்புகிறார்கள். அதே லாபத்துக்கு இங்கேயும் வரி. அங்கே கட்டியதை இங்கே கழித்துக்கொள்ள மனு போடலாம். அவர் போட்ட மனு திரும்பி வந்திருக்கிறது. மார்ச் கடைசிக்குள் சரியாக எழுதித் தராவிட்டால் முழு வரி.

மனுவைப் பார்த்தேன். எண்கள் கோட்டுக்கு வெளியே, ஒன்றின்மேல் ஒன்று. முப்பது வருஷம் முத்து முத்தாக எழுதிய கை.
கண் பார்வைதானா? — எனக்கு எப்படித் தெரியாம போச்சு? கூடவேதானே இருக்கேன்.

16 பிப்ரவரி
கேட்டுவிட்டேன். "எவ்வளவு நாளா?"
"ஒரு வருஷத்துக்கு மேல. எழுத்தெல்லாம் புகையா தெரியுது."
"ஏன் சொல்லல?"
"சொன்னா ஆஸ்பத்திரிம்பே. பொன்னுதுரைக்குக் கண்ணுல கத்தி வச்சாங்க, இருந்த வெளிச்சமும் போச்சு."
பொன்னுதுரை அவரோடு வேலை பார்த்தவர். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

2 மார்ச்
புது மனுப் பாரம் வாங்கி வந்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கான்வெண்டில் படித்த இங்கிலீஷ் இப்போதாவது உதவியது.

அவர் பெயர் எழுதும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அதை நான் சொன்னதுமில்லை, எழுதியதுமில்லை. எழுதினேன். தேவதாஸ்.

லண்டனிலிருந்து லாபத்தோடு வந்த சீட்டுகளை வாசித்தேன். மூன்றாவதில், கைக்கு வந்த தொகையையே மொத்தம் என்று சொல்லிக்கொண்டே எழுதிவிட்டேன். "இல்லம்மா, வரி பிடிக்கிறதுக்கு முன்னாடி உள்ளத எழுது" என்றார். காதாலேயே பிடித்துவிட்டார்.

கையெழுத்துக் கோட்டில் என் விரலை வைத்தேன். அதை ஒட்டியே போட்டார்.

3 மார்ச்
எங்கள் கஜா பெராங் வீட்டிலிருந்து நடந்தே போய்த் தபாலில் சேர்த்தேன். மழை. உறையை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

19 மே
வரி ஆபீஸ் பதில் வந்தது. லண்டனில் கட்டியதைக் கழித்துவிட்டார்கள், முழுவதும். வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு தானாகவே கேட்டார்.
"கண் டாக்டர் என்னைக்கு இருப்பாரு? நீ பக்கத்துல இருந்தா போவலாம்."

11 ஆகஸ்ட்
ஆபரேஷன் புண் ஆறியதும் புதுக் கண்ணாடி கொடுத்தார்கள், நல்ல தடிமன். போட்டதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"உனக்கு எப்ப இவ்ளோ நரைச்சுச்சு?"
நர்ஸ் முன்னால் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.