விடுபட்ட ஏழாம் அத்தியாயம்

1987 ஜூன் 2, செவ்வாய். மாசிப் புறநகர்.

காலையிலிருந்து மழை. இந்த நாட்டில் ஜூன் குளிர்காலம். சாக்ஸ் மூன்று சோடி, ஒன்றும் காயவில்லை. ஹீட்டருக்கு முன்னால் தொங்கவிட்டேன். மகன் முறைத்தான்.

என் கையெழுத்துப் பத்திரிகையின் இதழ் 7 இன்றுதான் திரும்பி வந்தது. ஆறு நாளில் வரவேண்டியது. பதினொரு நாள். நடுவில் எங்கே போய்க் கிடந்தது?

விதிகள் அட்டையின் உட்பக்கம், சிவப்பு மையில், ஒவ்வொரு இதழிலும்:

1. ஒரு வீட்டில் மூன்று நாள்.
2. பட்டியலில் இல்லாதவருக்குக் கொடுக்கக் கூடாது.
3. கருத்துப் பக்கத்தில் பெயரோடு எழுதவேண்டும்.
4. கடைசி வீட்டார் ஆசிரியரின் வீட்டுக்கு நேரில் கொண்டுவந்து தரவேண்டும். தபால் கூடாது. வேறு ஆள் கூடாது.

மகன்: "ரெண்டு வீடு வாசிக்கிற பத்திரிகைக்கு நாலு விதி. போட்டோக்கொப்பி எடுத்தால் முடிஞ்சுதே அப்பா."

கையெழுத்துப் பத்திரிகை என்றால் ஒரே பிரதி. இது இவர்களுக்குப் புரியாது.

முதல் வீடு எஞ்சினியர் வரதராஜன், அடுத்த தெரு, மதுரைக்காரர். இரண்டாவது ஹென்டர்சனில் இருக்கும் ஜெயராணி, தையல் ஃபாக்டரியில் வேலை, எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை. கேட்டேன். "ஓவர்டைம் ஐயா" என்றாள். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

கருத்துப் பக்கம். எஞ்சினியர்: "மிக அருமை." ஏழு இதழுக்கும் இதே இரண்டு சொல். ஜெயராணி: "தகப்பன் பாவம். ஆனால் பிடிவாதம் கூட." அதற்குக் கீழே பெயரில்லாமல், தடித்த பென்சிலில், ஒவ்வொரு எழுத்தும் கொட்டைப்பாக்கு அளவில்:

"ஏழாம் அத்தியாயம் எங்கே?"

ஹீட்டரைக் கூட்டினேன். குளிர்.

ஜூன் 3, புதன்

நின்று நின்று மழை. சாக்ஸ் இன்னும் ஈரம்.

ஒருவருக்கும் தெரிய வழியில்லை. இதழில் தொடராகப் போடும் நாவல் ஒரு ஜப்பானியருடையது. ஆங்கிலத்தில் வந்ததை நகர நூலகத்தில் நானாகத் தேடிப் பிடித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இதழுக்கு ஓர் அத்தியாயமாகத் தமிழில் போடுகிறேன். ஆங்கிலத்தில் போட்டவர் மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை. வழியில் எதை விழுங்கினாரோ.

கதை: கடலோரத்தில் உப்புக் காய்ச்சும் கிழவர். மகள் ஒரு படகு மெக்கானிக்கோடு போய்விடுகிறாள். ஆறு அத்தியாயம் அவர் தனியே உப்புக் காய்ச்சி உலகத்தைத் திட்டுகிறார். நன்றாக இருக்கிறது. ஏழில் திடீரென்று உப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பனியில் நடந்து, மகளின் வாசலில் நின்று, அந்த மெக்கானிக்கின் முன் தலை குனிகிறார். எட்டில் மறுபடி உப்பு.

ஏழை விட்டுவிட்டேன். எட்டுக்கு ஏழு என்று இலக்கம் போட்டேன். காரணம்: பதினொரு பக்கம் நீளம். பனி வர்ணனை அதிகம். ஆறு அத்தியாயம் வளையாதவர் ஏழில் வளைவார் என்பதை எந்த வாசகர் நம்புவார்?

விட்டது தெரியாது. இலக்கம் ஒழுங்காக ஓடுகிறது. கண்டுபிடித்தவர் மூலத்தை வாசித்தவர். என்னைப் பிடிக்கவென்றே வாசித்தவர்.

ஜூன் 4, வியாழன்

வெயில், ஆனால் எலும்பைத் தொடும் குளிர். இதழைப் பக்கம் பக்கமாகத் தட்டிப் பார்த்தேன். தைத்த இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஏதோ தூள். முகர்ந்தேன். மரத்தூள்.

எஞ்சினியர் வீட்டுக்குப் பின்னால் டெக் என்ற பலகைத் திண்ணை கட்டுகிறார். பலகை, வாள், எல்லாம் பார்த்திருக்கிறேன். தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் "சார், மொழிபெயர்ப்பெல்லாம் நம்பி வாசிக்க முடியாது" என்று எல்லார் முன்னாலும் சொன்னவரும் இவர்தான். இடது கையால் எழுதியிருப்பார். அதுதான் எழுத்து அப்படி.

மகள் வதனிக்கு இன்று முப்பது வயது. மகன் ஹாலில் போன் எடுத்துக் குரலைத் தாழ்த்திக் கதைத்தான். நான் போனதும் "சரி, வைக்கிறன்." இரண்டு வருஷமாக நான் இருக்கும்போது அந்தப் பெயர் எடுக்கப்படுவதில்லை. அவள் தேடிக்கொண்டது ஃபிஜிக்காரன். தமிழ் வம்சமாம், பூட்டன் காலத்தோடு தமிழ் போய்விட்டதாம். தச்சுவேலை. ரெஜிஸ்ட்ரியில் கட்டிக்கொண்டு கிளென்ஃபீல்டில் இருக்கிறார்கள். கார்ட் அனுப்பினாள். உறையைத் திறக்காமல் திருப்பி அனுப்பினேன். அதோடு சரி.

ஜூன் 6, சனி

ஹென்டர்சன் ரயில், நகர நூலகம். நாவல் இல்லை. போன மாதம் நான் திருப்பிக் கொடுத்த மறுநாளே யாரோ எடுத்திருக்கிறார்கள். யார்?

கவுண்டரில் இருந்த பெண்: "அதைச் சொல்லக்கூடாது." சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்காகக் குறித்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆறு வருஷமாக அலமாரியில் ஒருவர் தொடாத புத்தகம். பின்பக்கத் திகதிச் சீட்டில் என் முத்திரைகள்தான். இப்போது மட்டும் கிராக்கி.

வாங்கவேண்டியது: நீல மை, ரேசர், மல்லித்தூள் (எஞ்சினியர் போகும் கடையில் வேண்டாம்).

ஜூன் 9, செவ்வாய்

காற்று. பக்கத்து வீட்டில் ஆங்கிலம் படிக்க வந்து தங்கியிருக்கும் ஜப்பான் பெண், பஸ் ஸ்டொப்பில். மடியில் டெலிபோன் டைரக்டரி தடிப்பில் ஒரு படக்கதைப் புத்தகம். வலப்பக்கத்தில் தொடங்கி இடப்பக்கம் வாசிக்கிறாள்.

நாவலின் பெயரைச் சொன்னேன். தெரியாது. எழுதியவர் பெயரைச் சொன்னேன். "அம்மா வாசித்திருப்பார்." தன் நாட்டு எழுத்தை நான் இந்தப் புறநகரில் இருந்துகொண்டு தூக்கிச் சுமக்கிறேன், இவளுக்குப் படக்கதை. கேட்டதற்குச் சிரிப்பு வேறு. என்னைப் பார்த்தா, என் உச்சரிப்பைக் கேட்டா, தெரியவில்லை.

ஒரு பக்கத்தில் மட்டும் நெடுநேரம் நின்றாள். எட்டிப் பார்த்தேன். மூடிய கதவு, மழை, ஒருவனின் முதுகு. ஓர் எழுத்துக்கூட இல்லை.

"இதில் வாசிக்க என்ன இருக்கிறது?"

"அவன் கதவைத் தட்டவில்லை" என்றாள். என்னமோ நான் குருடன் மாதிரி.

ஜூன் 13, சனி

நாவல் வந்துவிட்டது என்று நூலகத்திலிருந்து தபாலட்டை. போய் எடுத்துவந்தேன். ஏழாம் அத்தியாயத்தில் தானாகத் திறக்கிறது. ஓரத்தில் அழுத்தாத கோடு, தடித்த பென்சில். நடுவில் மரத்தூள்.

நேராக எஞ்சினியர் வீட்டுக்கு. டெக்கில் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை நீட்டி, "இது எப்படி?" என்றேன்.

"என்ன சார் இது?"

"நூலகத்தில் நீங்கள்தானே எடுத்தீர்கள்?"

"இங்கிலீஷ் நாவலா? நானா? சார், உண்மையைச் சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க இதழையே நான் வாசிக்கிறதில்ல. என் வீட்டுக்காரி வாசிச்சுக் கதை சொல்லுவா. நான் 'மிக அருமை' மட்டும் போடுவேன்."

உள்ளேயிருந்து வீட்டுக்கார அம்மாவின் குரல்: "அதையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்!"

ஏழு இதழ். ஏழு "மிக அருமை".

பொய் இல்லை. இவ்வளவு கேவலமான பொய்யை ஒருவரும் சொல்லமாட்டார்கள். இதழை எத்தனையாம் நாள் கொடுத்தார் என்று கேட்டேன். மூன்றாம் நாளே ஜெயராணியிடம். அப்படியென்றால் எட்டு நாள் அவளிடம்.

ஜூன் 14, ஞாயிறு

தூறல். ஹென்டர்சன். ஜெயராணி கொடியில் இருந்து உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கூடையைக் கீழே வைத்தாள்.

"யாருக்குக் கொடுத்தாய்?"

"வதனிக்கு."

மறுக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை.

"விதி இரண்டு தெரியும்தானே?"

"ஓம், தெரியும். முதலாம் இதழிலயிருந்து குடுக்கிறனான். என்ன செய்யப் போறியள்? பட்டியலில இருந்து என்னை வெட்டப் போறியளோ? வெட்டினால் உங்களிட்ட ஆர் மிச்சம்? எஞ்சினியரோ?"

நாக்கு நீளம். எஞ்சினியர் வாசிப்பதில்லை என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"அவளுக்கு என்னைக் கேலி செய்ய வேண்டும். அதுதான் பெயரில்லாமல் எழுதினாள்."

"ஐயா, அதை எழுதினது வதனி இல்லை. அவவின்ர புருசன் சுரேஷ்."

"அவனுக்குத் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது."

"தெரியாதுதான். வேலை முடிஞ்சு வந்து உடுப்பும் மாத்தாமல் குசினி மேசையில இருப்பாராம். வதனி இதழை வாசிச்சு இங்கிலீஷ்ல சொல்லவேணும். அடுத்த இதழ் எப்ப எண்டு அரிப்பாராம். பொறுக்கேலாமல் லைப்ரரியில போய் எடுத்து முழுக்க வாசிச்சிட்டார். போன இதழை வதனி வாசிச்சு முடிக்க, 'இது எட்டு. ஏழைக் காணேல்ல' எண்டது அவர்தான். வதனி எழுதவேண்டாம் எண்டவ. ஆள் கேக்கேல்ல. எழுத்தைக் காட்டித் தா எண்டு, தன்ர பென்சிலால பாத்துப் பாத்துக் கீறினவர்."

"பிழை பிடிக்கத்தானே?"

"இல்லை ஐயா. பக்கம் எங்கையோ விழுந்து துலைஞ்சு போச்சுதெண்டு நினைச்சவராம். கையால எழுதினது, மனிசன் திருப்பி எழுதவேணுமே எண்டு கவலைப்பட்டவராம்."

தேத்தண்ணி போட்டாள். குடிக்காமல் வந்தேன்.

ஜூன் 16, செவ்வாய்

வெயில். சாக்ஸ் காய்ந்தது.

முழங்கால் வலி. நாவலைத் திறக்கவில்லை. மகன் கேட்டான்: "ஏன் ஒரு மாதிரி இருக்கிறியள்?" ஒரு மாதிரியும் இல்லை என்றேன்.

இத்தனை நாள் சந்தேகப்பட்டவர்களின் பட்டியல்: எஞ்சினியர், ஜெயராணி, வதனி, நூலகப் பெண், ஆங்கிலத்தில் போட்டவர். புத்தகத்தில் கை வைத்து வெட்டியவன் ஒருவன்தான். அவன் பெயர் இதில் இல்லை.

தொலைந்துபோனது என்று நினைத்தானாம், அந்தத் தச்சன்.

ஜூன் 18, வியாழன்

ஏழாம் அத்தியாயத்தை அகராதியோடு மறுபடி வாசித்தேன். கிழவர் மன்னிப்புக் கேட்கிறார் என்று எனக்குள் பதிந்திருந்தது. கேட்கவில்லை. ஒரு சொல்லும் பேசவில்லை. உப்பு மூட்டையை வைத்துவிட்டுத் தலை குனிந்து நிற்கிறார். பனி விழுகிறது. மெக்கானிக் குடையைக் கொண்டுவந்து பிடிக்கிறான். பனி வர்ணனை அதனால்தான் நீளம்.

முன்பு கோபத்தில் வாசித்திருக்கிறேன். இப்போதும் அந்தக் கிழவர் செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் செய்தார். எழுதியிருக்கிறது. இருப்பதை இல்லையென்று வெட்டுவது என் வேலை இல்லை.

மூன்று பக்கம் முடிந்தது. நீல மை திட்டுத் திட்டாக ஓடுகிறது. மலிவு மை.

ஜூன் 22, திங்கள்

மழை. இதழ் 8 முடிந்தது. தலைப்பு: "ஏழாம் அத்தியாயம்". அடியில் ஒரு வரி: "சென்ற இதழில் விடுபட்டது. தொலையவில்லை. ஆசிரியரே விட்டார்." மன்னிப்பு என்ற சொல் போடவில்லை. தேவை இல்லை.

அட்டையைத் தைத்தேன். விதிகள் நான்கு, சிவப்பு மை, ஒரு சொல்லும் மாற்றவில்லை. பிறகு பட்டியல்.

1. எஞ்சினியர் வீட்டு அம்மா. மூன்று நாள்.
2. ஜெயராணி. மூன்று நாள். (எட்டு அல்ல.)
3. கிளென்ஃபீல்ட். ஐந்து நாள். வாசித்துச் சொல்ல நேரம் எடுக்கும்.

மூன்றாவதைப் பென்சிலில்தான் எழுதினேன். கடைசி வீடு அது. விதி 4 அவர்களுக்கும் உண்டு. தபால் கூடாது.