மூன்றாவது குப்பி மகரந்தம்

1959 பெப்ரவரி 26

காலையில் கடும் பனி. பண்டாரவளையில் எதிர்வீடுகூடத் தெரியவில்லை. பத்து மணி பஸ்ஸில் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக்கு. முன்சீட்டுப் பெண் மகளிடம்: "கோழிய மடியில வச்சுக்கடி, கீழ போட்டா மிதிச்சிருவாங்க."

துரை லீவில் சீமைக்குப் போய்விட்டார். பங்களாவில் சமையல்காரர் சந்தனம் மட்டும். மண்ணெண்ணெயில் ஓடும் ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினார். ஐஸ் உறையும் அறைக்குள் என் மூன்று குப்பிகளும் பத்திரம். கொஸ்லந்தைப் பேரி மரத்தின் மகரந்தம். போன வருஷம் ஜனவரியில் எடுத்து, உலர்த்தி, மெழுகால் அடைத்தது. அந்த மரம் இப்போது இல்லை. டிசம்பர் மழையில் மண் சரிந்து அதையும் கொண்டுபோய்விட்டது. இனி இந்த மூன்று குப்பிதான்.

பங்களாத் தோட்டத்துப் பேரி பூக்கும், காய்க்காது. தன் மகரந்தம் தனக்கே ஆகாத இனம். அது பூப்பது மார்ச்சில், கொஸ்லந்தை மரம் பூத்தது ஜனவரியில். அதனால்தான் இந்த ஐஸ் வேலையெல்லாம். இந்த முறையும் காய் பிடிக்காவிட்டால் நிறுத்திவிடும்படி பதுளை விவசாய அலுவலகத்திலிருந்து கடிதம். கடிதம் கிடக்கட்டும். உள்ளே உயிர் இருக்கிறதா? திறக்காமல் தெரியாது. திறந்தால் அந்தக் குப்பி போச்சு.

மொட்டு இன்னும் கடுகளவு.

வாங்க: சீனி, மெல்லிய தூரிகை, மஸ்லின் துணி, நூல், பல்வலிக்குக் கிராம்பு.

பெப். 28

பொறுக்க முடியவில்லை. முதல் குப்பியைக் குவார்ட்டர்ஸுக்கு எடுத்து வந்தேன். சீனித்தண்ணீர்த் துளியில் தூவி, நாலு மணித்தியாலம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால் முளை விட்டிருக்கிறது! பாதிக்கு மேல். தனியாக இருந்து சிரித்தேன். மிச்சத் தூள் ஈரம் பட்டு வீண். பரவாயில்லை, இன்னும் இரண்டு உண்டு.

மார்ச் 3

பூனாகலை. சந்தனம் பேச்சுவாக்கில், ஜனவரியில் ஒருநாள் பெட்டியை ஓட்டும் மண்ணெண்ணெய் விளக்கு அணைந்துவிட்டது என்றார்.

"எத்தினை மணித்தியாலம் அணைஞ்சு கிடந்தது?"

"யாரு மணி பாத்தா ஐயா? பாத்த ஒடனே பத்த வச்சிட்டேன்."

முதல் குப்பி உள்ளே ஐஸோடு ஒட்டிக் கிடந்தது. மற்ற இரண்டும் கதவுப் பக்கம். அவை இளகியிருந்தால்? பஸ் முழுக்க இதே நினைவு. குடையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்.

மார்ச் 5

மறுபடி பூனாகலை. செய்யக்கூடாததைச் செய்தேன்.

பெட்டிக் கதவில் என் கையாலேயே எழுதி ஒட்டிய கடதாசி இருக்கிறது: வெளியே எடுத்த குப்பியை அரை மணி மூடியபடியே வைக்கவும், கண்ணாடி வேர்த்துக் காய்ந்த பிறகே திறக்கவும். மூன்று மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இரண்டாவது குப்பியைச் சோதிக்கும் அவசரத்தில், வராந்தாவில் பத்தாவது நிமிஷமே மெழுகைக் கீறினேன். வெளியே பனிமூட்டம். கண் முன்னாலேயே தூள் ஈரம் குடித்துக் களியாகிவிட்டது.

இரவு பார்த்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. ஜனவரியில் செத்ததா, இன்று நான் கொன்றதா? இனி யாருக்கும் தெரியாது.

சந்தனம் பார்த்துக்கொண்டுதான் நின்றார். "டீ குடிங்க ஐயா" என்றதோடு சரி. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

மார்ச் 9

சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். சும்மா! சட்டைப்பையில் மெழுகு கீறும் பிளேடும் இருந்தது.

சந்தனம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அந்தக் குப்பி ஒடைஞ்சிருச்சுங்க ஐயா. நேத்து ஐஸ சொரண்டுனப்ப கத்தி பட்டுருச்சு."

கத்தினேன். "கவனம் எண்டு எத்தினை தரம் சொன்னனான்! மரமும் போச்சு. இனி எங்கை போய் எடுக்கிறது?"

தலையைக் குனிந்தபடி நின்றார். நான் இறங்கி வந்து மதகுக் கட்டில் உட்கார்ந்து அழுதேன். கொழுந்துக் கூடையோடு போன பெண்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவர் உடைத்தது ஒன்று, நான் கெடுத்தது இரண்டு. இந்தக் கணக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மார்ச் 12

பதுளைக்குக் கடிதம். மூன்று தரம் எழுதி மூன்று தரமும் கிழித்தேன். பல்வலி. சோறு இறங்கவில்லை.

மார்ச் 14

வெயில். தோட்டத்து லொறிக்காரர் வாசலில்: "பூ விரிஞ்சிருச்சாம். தூரிகையோட ஒடனே வரச் சொன்னாரு சந்தனம்." அந்த லொறியிலேயே போனேன்.

ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து குப்பியை எடுத்தார். முழுசாக, மெழுகு கலையாமல்.

"பொய்தாங்க சொன்னேன். இருக்குன்னு தெரிஞ்சா தொறந்திருப்பீங்க."

எனக்கு வந்த கோபம்! உத்தியோகத்தரிடம் ஒரு சமையல்காரர் இப்படியா என்றுகூட வாய் வரை வந்தது. சொல்லவில்லை. திறந்திருப்பேன், நிச்சயம் திறந்திருப்பேன்.

கையை நீட்டினேன். தரவில்லை. குப்பியைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கடதாசியைக் காட்டினார். "அரை மணின்னு நீங்கதான எழுதியிருக்கீங்க." வராந்தாவில் முன்னும் பின்னும் நடந்தேன். அவர் உருளைக்கிழங்கு தோல் சீவினார்.

திறந்தபோது தூள் பொலபொலவென்று விழுந்தது. இருபத்தாறு பூவுக்குத் தடவித் துணிப்பை கட்டினோம். சோதனைக்கென்று ஒரு சிட்டிகைகூட வைக்கவில்லை. முழுவதையும் மரத்துக்கே கொடுத்தேன்.

மார்ச் 21

பின்னேரம் இடியோடு மழை. பை நனைந்திருக்கும். போகவில்லை. பஸ் ஸ்டாண்ட் வரை போய்த் திரும்பினேன்.

மார்ச் 24

போகவில்லை.

மார்ச் 31

பூனாகலை. பை கட்டாத பூவெல்லாம் வழக்கம்போல உதிர்ந்து தரையில். முடிச்சை அவிழ்க்க எனக்குத் துணிவில்லை. "நீரே அவிழ்த்துப் பாரும்" என்றேன்.

முதல் பையில் காய்ந்த காம்பு. இரண்டாவதிலும் அதேதான்.  மூன்றாவதைப் பிரித்தார். குனிந்து, விரலால் மெதுவாகத் தட்டினார்.

"இது விழ மாட்டேங்குதுங்க."

பிஞ்சு, மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. பச்சை. கொஸ்லந்தை மரம் செத்துப்போகவில்லை. தொட்டுப் பார்க்கக் கையைக் கொண்டுபோனேன். சந்தனம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாங்க ஐயா."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் நாலாவது பையை அவிழ்த்தார்.