கோட்டுக்கு ஒரு கஜம்

அன்பு மகள் கொரினுக்கு,

ஆண்டவர் தயவில் இங்கே எல்லோரும் சுகம், நீயும் அந்தக் குளிர் ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஃபோனில் நான் கத்திய கத்தலில் உனக்கு ஒன்றும் புரிந்திருக்காது, அதனால் நிதானமாக எழுதுகிறேன். உன் அப்பா ஜெயித்துவிட்டார்!

சனிக்கிழமை கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் இறுதி ஆட்டம், தோற்றால் பயிற்சியாளர் வேலை போய்விடும் என்று கல்லூரித் தலைவர் நாசூக்காகச் சொல்லியிருந்தாராம், உன் அப்பா என்னிடம் மூச்சு விடவில்லை, அவருடைய உதவியாளர் வெண்டலின் மனைவிதான் சர்ச்சில் வைத்துச் சொன்னாள். பாவம், ஒரு காலத்தில் அத்தனை வருஷம் பெரிய அணியில் முன்வரிசையில் நின்று, பந்து வைத்திருப்பவனை எவனும் நெருங்காமல் நெஞ்சால் முட்டித் தடுத்த மனுஷர். பந்தையே தொடாத இடம் அது, ரேடியோவில் அவர் பெயர் வந்தால் ஏதோ தப்பு செய்துவிட்டார் என்று அர்த்தம். முழங்கால் போன பிறகு சோபாவே கதி, "இனி நான் எதுக்கு லாயக்கு எர்னஸ்டீன்?" என்பார். அப்புறம் ஒருநாள் பள்ளிக்கூட மைதானத்தில் பையன்கள் தப்பாகக் குனிந்து முட்டுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர், பொறுக்காமல் ஊன்றுகோலோடு உள்ளே போய்விட்டார். அப்படித்தான் முதலில் அந்தப் பள்ளிக்கும் பிறகு கல்லூரிக்கும் பயிற்சியாளர் ஆனார்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். ஆட்டம் முடியக் கடைசி வாய்ப்பு, மூன்று புள்ளி பின்தங்கியிருக்கிறோம், பந்து கோட்டுக்கு ஒரு கஜத்தில். கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் சமன், கூடுதல் நேரம் ஆடலாம், முட்டித் தள்ளிக் கோட்டைத் தாண்டினால் வெற்றி, தாண்டாவிட்டால் எல்லாம் போச்சு. ஊரே உதைக்கச் சொல்லிக் கத்துகிறது, உன் அப்பா தலையாட்ட மறுக்கிறார். எனக்குப் பின்னால் ஒருவன், "யோவ் லெம், முழங்காலோட மூளையும் போச்சா?" என்றான். நான் திரும்பி, "தம்பி, அந்த மூளைக்கு முப்பது வருஷமா சோளரொட்டி சுட்டுப் போடுறவ நான், வாய மூடு" என்றேன். உன் அப்பா முன்வரிசைப் பையன்கள் ஐந்து பேரையும் கூப்பிட்டு, "நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்கடா, முடியுமா?" என்று கேட்டாராம். அதில் பெரிய உருவம் டவாரிஸ், "கோச், நீங்க கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, கார் நிறுத்துற இடம் வரைக்கும் தள்ளிட்டுப் போறோம்" என்றானாம்.

தள்ளினார்கள் கொரின்! ஒரே ஆள் குவியல், பந்து எங்கே என்றே தெரியவில்லை, நடுவர் ஒவ்வொருவனாக இழுத்துப் போட்டார், நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடியில் பந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம்! எல்லோரும் பந்து வைத்திருந்தவனைத் தூக்க ஓட, உன் அப்பா நொண்டிக்கொண்டே போய், தரையில் கிடந்த அந்த ஐந்து பையன்களின் தலைக்கவசத்திலும் முத்தம் வைத்தார். அழாதே, நான் அழுதாயிற்று. அடிபட்டது வெண்டலுக்கு மட்டும்தான், பையன்கள் முட்டிய அதே நொடியில் உன் அப்பாவும் தன்னை மறந்து பக்கத்தில் நின்றவரை முட்டித் தள்ளியிருக்கிறார், மனுஷர் தண்ணீர்ப் பீப்பாய்மேல் போய் விழுந்தார். அப்பாவின் வேலையை நீட்டித்துவிட்டார்கள். பையன்கள் தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டியதில் அப்பாவுக்கு ஜலதோஷம், மருந்து குடிக்க அடம்பிடிக்கிறார்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். கம்பளி உள்ளாடை போட மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிட்டு, அந்தக் கடைசித் தள்ளலைப் பற்றிக் கேள். என்னிடம் சொல்லிச் சொல்லித் தீர்ந்துவிட்டது, புதிதாகக் கேட்க ஒரு ஆள் வேண்டும் அவருக்கு.

முத்தங்களுடன்,
உன் அம்மா எர்னஸ்டீன்