சொல்லிக்கொடுத்த பதில்

உத்திரமேரூர்
வியாழக்கிழமை

அன்பு மகன் விஜயராகவனுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை உன் நைனாவைக் காஞ்சிபுரத்தில் மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பதறாதே. நாலு மாசமாக ரைஸ் மில்லுக்குப் போகாமல் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ரத்தம் ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று, எல்லா ரிப்போர்ட்டும் சுத்தம், அப்புறம் மனுஷனுக்கு என்ன கேடு, சோம்பேறித்தனம்தான் என்று நானும் வாய் ஓயாமல் ஏசினேன். உன் தங்கச்சி பிருந்தாவுக்குப் பழையசீவரத்தில் வரன் பேசுகிற நேரம் வேறு. அப்பனுக்குப் புத்தி சரியில்லை என்று ஒரு சொல் போனால் போதுமே. அதனால் பஸ்ஸிலேயே பாடம் நடத்தினேன், தூக்கம் வருதுன்னு சொல்லுங்க, பசிக்குதுன்னு சொல்லுங்க, மனசு நல்லா கீதுன்னு சொல்லுங்க என்று. அவரும் டாக்டரம்மா கேட்கக் கேட்க அப்படியே ஒப்பித்தார். அப்போ ஒண்ணும் இல்லை போலிருக்கே என்றார் அந்தம்மா. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஐயோ, இவரை இப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்களே என்றிருந்தது. மெஷின் வெச்சிப் பாக்கக் கூடாதாம்மா என்று கேட்டேன். இதுக்கு மெஷின் இல்லைம்மா, உள்ளே எப்படி இருக்குன்னு அவர் வாயால சொல்றதும் கூட இருக்கிற நீங்க பார்த்ததும்தான் எங்களுக்கு வழி என்றார். அதற்குமேல் அடக்க முடியவில்லை. அவர் சொன்னதெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது என்று போட்டு உடைத்துவிட்டேன்.

என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். முக்கால் மணி நேரம் கழித்து நைனா வெளியே வந்தார், கண் சிவந்திருந்தது. மனச்சோர்வு நோயாம், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், குணமாகுமாம். அங்க இன்னா சொன்னீங்க என்று பஸ்ஸில் கேட்டேன். எத்தினி வாட்டி உன்னாண்ட சொல்ல வந்தேன், ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிக்கினே இருந்த, அப்பால நான்தான் கெட்டுப்பூட்டேன்னு நெனச்சிக்கினேன் என்றார். இருபத்தொன்பது வருஷம் கூட இருந்தவள்டா நான். பயத்தில்தான் அப்படிச் சொன்னேன் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. வரன் வீட்டார் கேட்டால் மறைக்கப் போவதில்லை, பிருந்தாவும் அதையேதான் சொல்கிறாள்.

சுந்தர வரதர் உன்னைக் கண்போலக் காக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது நைனா எப்படி என்று என்னைக் கேட்காதே, அவரையே கேள். எல்லாம் சரியாயிடும் என்று முந்திக்கொள்ளாதே. நடுவில் சத்தமே இல்லாமல் போனாலும் லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. அவர் அங்கேதான் இருப்பார்.

உன் அம்மா,
ஜெகதாம்பாள்